போரின் பெயரால் எடுத்த நிலம்

லண்டனுக்கு மேற்கே, பாத் சாலையை ஒட்டி, ஹீத் ரோ என்றொரு சிற்றூர் இருந்தது. காய்கறிக்கும் பழத்துக்கும் பேர்போன மண். விளைந்ததெல்லாம் லண்டன் சந்தைக்குப் போகும். 1930 வாக்கில் ஃபேரி விமான நிறுவனம் அங்கே நிலம் வாங்கி, தான் தயாரித்த விமானங்களைச் சோதிக்கப் புல்தரை ஒன்றை அமைத்தது. மற்றபடி அது உழவர்களின் ஊர்தான்.

1944-இல் அந்த ஊர் போயிற்று. நெடுந்தூரம் பறக்கும் படை விமானங்களுக்கு ஓடுதளம் தேவை என்று சொல்லி, போர்க்கால அவசர அதிகாரத்தின்கீழ் அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. பொது விசாரணை கிடையாது. வீடுகளும் தோட்டங்களும் தரைமட்டமாயின.

இதை முன்னின்று நடத்தியவரே உண்மைக் காரணத்தை 1973-இல் எழுதினார். போர்க்காலத்தில் விமானத் துறைத் துணை அமைச்சராக இருந்த ஹரால்ட் பால்ஃபர், போருக்குப் பின் லண்டனுக்குப் பயணிகள் விமான நிலையம் வேண்டும் என்பதே தம் நோக்கம் என்று நினைவுக் குறிப்புகளில் ஒப்புக்கொண்டார். விமானப்படையின் தேவை என்றால் நீண்ட விசாரணையைத் தவிர்க்கலாம்; அதற்காகவே அப்படிச் சொன்னாராம். உலகின் பெரிய விமான நிலையங்களுள் ஒன்றான ஹீத்ரோ இப்படிப் பிறந்தது. நகரத்துக்கு அதனால் கிடைத்த பயன் பெரிது என்பதற்காக, உழவர்களிடம் உண்மை மறைக்கப்பட்டதைச் சிறிய செய்தியாகக் கடந்துவிட முடியாது.

வேலை நடக்கும்போதே தொல்லியலாளர் டபிள்யூ. எஃப். கிரைம்ஸ் அவசர அவசரமாக அங்கே அகழாய்வு செய்தார். 'சீசரின் பாசறை' என்று ஊரார் அழைத்த மண்மேட்டுக்குள் இரும்புக்காலக் குடியிருப்பும் ஒரு கோயிலின் தடயமும் கிடைத்தன. செவ்வக வடிவில் சிறு கருவறை, அதைச் சுற்றி மரத்தூண்கள் நட்ட குழிகள். அந்த இடம் இன்று விமான நிலையத்துக்குள் புதைந்துவிட்டது.

ஒரு பீரங்கியும் இடம்பெயர்ந்தது. 1784-இல் நில அளவையாளர் வில்லியம் ராய் இங்கிருந்து ஹாம்ப்டன் வரை, முக்கோண அளவைக்கு அடிப்படையான, ஐந்து மைலுக்குச் சற்று அதிகமான அடிக்கோட்டைக் கண்ணாடிக் குழாய்கள் வைத்து அளந்தார். அதன் ஒரு முனையின் அடையாளம்தான் அந்தப் பீரங்கி. 1944-இல் அகற்றப்பட்டு, 1968-இல் பழைய இடத்துக்கே திரும்பியது. தமிழருக்கு இதில் ஓர் ஒற்றுமை தென்படும்: 1802-இல் லாம்ப்டன் இந்தியாவின் பெரும் முக்கோண அளவைக்கான அடிக்கோட்டை அளந்தது பரங்கிமலை அருகே. இன்று அந்த மலையை அடுத்திருப்பது சென்னை விமான நிலையம்.

கட்டுமானம் முடியும் முன்பே போர் முடிந்தது. 1946 ஜனவரி 1 அன்று நிலையம் பயணிகள் விமானப் போக்குவரத்துத் துறையின் கைக்கு வந்தது. அன்றே டான் பென்னட் ஓட்டிய லங்காஸ்ட்ரியன் விமானம் புவனோஸ் ஐரிஸ் நோக்கிக் கிளம்பியது. குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டரை மாற்றியமைத்து உருவாக்கியது அது. பயணிகள் காத்திருந்ததோ ராணுவக் கூடாரங்களில். உள்ளே சாய்வு நாற்காலிகளும் பூச்சாடிகளும் இருந்தன. வெளியே சேற்றில் கால் புதையாமல் நடக்கப் பலகைகள் போட்டிருந்தார்கள்.

நிலத்தை இழந்த ஃபேரி நிறுவனத்துக்கு இழப்பீடு முடிவானது 1964-இல், இருபது ஆண்டு இழுபறிக்குப் பிறகு. நிலம் எடுக்கும் கதை அத்தோடு முடியவில்லை: ஹீத்ரோவின் மூன்றாவது ஓடுதளத் திட்டத்தில் இப்போது ஹார்மண்ட்ஸ்வர்த், லாங்ஃபோர்டு ஊர்களின் வீடுகள் சிக்கியிருக்கின்றன. 2018-இல் நாடாளுமன்றம் அத்திட்டத்துக்குக் கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. உடனே வழக்குகள் தொடர்ந்தன, அவை உச்ச நீதிமன்றம் வரை போயின.