பாட்டுப் புத்தகமும் மழலையர் வகுப்பும்

‘கிண்டர்கார்ட்டன்’ என்ற ஜெர்மானியச் சொல்லுக்குக் குழந்தைத் தோட்டம் என்று பொருள். அந்தப் பெயரை 1840இல் வைத்தவர் ஃபிரெட்ரிக் ஃபிரோபெல். மரக்கட்டை, பந்து, உருளை என்று அவர் அமைத்த விளையாட்டுப் பொருள்களைப் பற்றித்தான் ஆசிரியப் பயிற்சியில் அதிகம் சொல்லிக்கொடுப்பார்கள். அவர் 1844இல் வெளியிட்ட ஒரு பாட்டுப் புத்தகத்தை அவ்வளவாகப் பேசுவதில்லை. தாய்மார்களுக்கான அந்தப் புத்தகத்தில் பாட்டுக்குப் பாட்டு படம் உண்டு. பாடும்போது விரலையும் கையையும் எப்படி அசைக்க வேண்டும் என்பதும், அந்த விளையாட்டால் குழந்தைக்கு என்ன விளங்கும் என்பதும் கூடவே இருக்கும். படமும் பாட்டும் கொண்ட புத்தகத்தை நடுவில் வைத்து வகுப்பை அமைப்பது நேற்று வந்த நாகரிகம் அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இத்தனை சாதுவான மனிதரின் பள்ளிகளைப் பிரஷ்ய அரசு 1851இல் நாத்திகம், சோஷலிசம் என்று சந்தேகப்பட்டுத் தடை செய்தது. தடை நீங்கியது 1860இல்தான். ஃபிரோபெல் அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார்.

அவருடைய புத்தகத்தில் கை தட்டும் பாட்டும் உண்டு, நிலவைப் பார்க்கும் குழந்தையின் பாட்டும் உண்டு. பிள்ளைத்தமிழ் படித்தவர்களுக்குச் சப்பாணிப் பருவமும் அம்புலிப் பருவமும் உடனே நினைவுக்கு வரும். ‘பார்த்தீர்களா, எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது’ என்று மார்தட்ட எனக்கு விருப்பமில்லை. பிள்ளைத்தமிழ் புலவர் பாடியது. குழந்தை பாட எழுதியது அல்ல. வீட்டில் பாட்டிமார் கைவீசச் சொன்னதும், உள்ளங்கையில் பருப்புக் கடைந்ததும் ஏட்டில் ஏறாமலே வாழ்ந்தவை. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்து, வாயில் ஆத்திசூடி. அங்கே படத்துக்கு இடமே இல்லை.

நாம் குடியேறியிருக்கும் இந்த வங்காளத்தில் நடந்ததைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வித்யாசாகரின் ‘வர்ண பரிசய்’ 1855இல் வந்தது. எழுத்து, சொல், வாக்கியம் என்று ஒழுங்கான அரிச்சுவடி, விளையாட்டு குறைவு. 1897இல் யோகீந்திரநாத் சர்க்கார் ‘ஹாசி குஷி’யைக் கொண்டுவந்தார். எழுத்துக்கு ஒரு படம், ஒரு ஓசைநயமான அடி. முதல் எழுத்துக்குத் துரத்தி வரும் மலைப்பாம்பு, அடுத்ததற்கு மாம்பழம்! பயமும் ஆசையும் அடுத்தடுத்து. எழுத்து மனத்தில் ஒட்டாமல் என்ன செய்யும்? பிறகு 1930இல் ரவீந்திரநாதரின் ‘சஹஜ் பாட்’, நந்தலால் போஸின் கறுப்பு வெள்ளைப் படங்களோடு வந்தது. அதில் எழுத்துகளே ஆட்களாகிவிடுகின்றன. உட்கார்ந்து பாயசம்கூடச் சாப்பிடுகின்றன. ஒரு பக்கத்தைத் திறந்தால் அன்றைய வகுப்பு நாடகம் தயார். லேக் மார்க்கெட் பக்கம் வளர்ந்த நம் பிள்ளைகளில் பலர் ‘அ’னாவுக்கு முன்னால் இந்தப் புத்தகங்களின் ‘ஒ’வைத்தான் அறிந்தவர்கள்.

தமிழில் அந்த இடத்தை நிரப்பியவர்கள் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் (1876-1954) குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவும் (1922-1989). வள்ளியப்பா புதுக்கோட்டைச் சீமையின் ராயவரத்தில் பிறந்து, வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்காக எழுதியவர். அவருடைய லட்டுப் பாட்டு நம் வீடுகளில் தெரியாதவர் கிடையாது. வட்டத் தட்டில் லட்டு, அதை அண்ணனும் தங்கையும் பங்கு போட்டுத் தீர்க்கிறார்கள், அவ்வளவுதான் கதை.

சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் 4 முதல் 6 வயதுக்காரர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் பாட்டுள்ள படப் புத்தகத்தை வைத்து நான்கு வாரம் நடத்துவது வழக்கம். ஒரு பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு, “எழுத்தையே காணோமே, லட்டு உருட்டிட்டு இருக்கீங்களேம்மா!” என்றார். கேட்டது நியாயம். இந்தப் பிள்ளைகளுக்கு வாரத்தில் தமிழ் எழுத்தைக் கண்ணால் பார்க்கக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அதை வீணாக்கினால் அடுத்த ஞாயிறு வரை ஒன்றுமில்லை. பாதிப் பேருக்குத் தமிழ் புரியும், பதில் மட்டும் வங்காளியில் வரும்.

எனக்கு முதலில் கிடைத்த ஆசிரியர் கையேடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. அடியின் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுப் படியுங்கள், குழந்தை ஓசையை வைத்து அதை ஊகிக்கும் என்று அவை சொல்லும். ஆங்கில ரைம் அடியின் கடைசியில் நிற்பதால் அந்த வித்தை அங்கே பலிக்கிறது. வங்காளிச் சடாப் பாட்டிலும் பலிக்கும். தமிழில் அதற்கு இயைபு என்று பெயர். தொல்காப்பியம் செய்யுளியலிலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் நம் செய்யுளை நடத்திச் செல்வது அடியின் தொடக்கத்தில் வரும் மோனையும் எதுகையும். எதுகை இரண்டாம் எழுத்தில் ஒலிப்பது. ஆகவே கடைசிச் சொல்லை மட்டும் மறைத்து விளையாடினால் தமிழின் பாதி ஓசை குழந்தைக்குக் கிடைக்காமல் போய்விடும்.

லட்டுப் பாட்டின் சாமர்த்தியம் இங்கேதான். தட்டு, லட்டு, எட்டு, கிட்டு, பட்டு எல்லாமே குட்டிச் சொற்கள். இரண்டாம் எழுத்தும் ஒத்துப்போகிறது, முடிவும் ஒத்துப்போகிறது. அதோடு முதல் சில அடிகளில், ஒரு அடி முடிந்த சொல்லிலேயே அடுத்த அடி தொடங்குகிறது. அந்தாதி! பேரைச் சொல்லிக் குழந்தைகளைப் பயமுறுத்த வேண்டாம். வட்டமாக உட்காரவைத்து, ஒருவர் விட்ட சொல்லை அடுத்தவர் பிடிக்கச் சொன்னால் போதும்.

முதல் வாரம் படம் மட்டும். “ஆன்ட்டி, இது நாடுவா?” என்று ஒரு குட்டி கேட்டாள். லட்சுமி பூஜைக்கு இங்கே செய்யும் தேங்காய் உருண்டை அவளுக்குத் தெரிந்தது. ஆமாம் என்று சொல்லி, தமிழ்ப் பேரையும் சேர்த்துச் சொன்னேன். இரண்டாம் வாரம் களிமண்ணில் எட்டு உருண்டை, எட்டில் பாதி எத்தனை என்ற பங்கு. மூன்றாம் வாரம் அந்தாதி வட்டம். நான்காம் வாரம் சொல் வேட்டை. பொட்டு, குட்டு, கட்டு என்று வந்துகொண்டிருந்தபோது ஒரு பையன் ‘பிஸ்கட்டு’ என்றான். உடனே பக்கெட்டு, டிக்கெட்டு, பாக்கெட்டு எல்லாம் வரிசையாக வந்துவிட்டன. சிரித்து ஓய்ந்த பிறகு ‘ட்டு’வைக் கரும்பலகையில் எழுதினேன். அன்றைக்கு அந்த எழுத்தை ஒவ்வொருவரும் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்கள். பெரியவருக்கு அந்தப் பலகையைக் காட்டினேன். “ஆத்திசூடியும் வேணும்மா” என்றார். வேண்டும்தான், அதன் அகர வரிசை இந்த வயதுக்கு அடுத்த படியில் மிகவும் உதவும்.

ஓசை விளையாட்டுக்கும் படிப்புக்கும் உள்ள உறவை லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் 1983இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். ஒத்த ஓசைச் சொற்களை இனம் பிரிக்கத் தெரிந்த சிறு குழந்தைகள் பின்னாளில் நன்றாக வாசித்தார்கள் என்பது அவர்கள் கண்டது. அது ஆங்கிலக் குழந்தைகளைப் பற்றியது. உயிர்மெய் எழுத்துள்ள தமிழுக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. ஆனாலும் ‘ட்டு’ விஷயத்தில் என் கண்ணால் பார்த்ததற்கு அது விரோதமாக இல்லை.

2020இன் தேசியக் கல்விக் கொள்கை 3 முதல் 8 வயது வரையை அடித்தள நிலை என்று வகுத்து, வீட்டு மொழிக்கு முக்கியத்துவம் தரச் சொல்கிறது. நல்லது. ஆனால் கொல்கத்தாவில் தமிழ் வீட்டுக் குழந்தைக்கு அந்த வீட்டு மொழியை எந்தப் பள்ளி சொல்லிக்கொடுக்கும்? அது நம் சங்கத்துக் கூடத்தில்தான் நடக்க வேண்டியிருக்கிறது.

பூஜை விடுமுறை முடிந்ததும் கவிமணியின் பசு-கன்றுப் பாட்டைத் தொடங்குகிறோம். வீட்டுப் பரணில் பழைய படப் பாட்டுப் புத்தகங்கள் இருந்தால், கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஞாயிறு காலை கொடுத்தனுப்புங்கள். பாட்டிமார் நேரில் வந்து பாடினால் இன்னும் விசேஷம். நாற்காலி போட்டு வைக்கிறோம்.