பிரட்டுக்களமும் பால்மரமும்

சிரம்பானுக்குத் தெற்கே, சுங்கை காடுட் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தோர்க்குப் 'பிரட்டு' என்னும் சொல்லை விளக்க வேண்டியதில்லை. விடியுமுன்னே மணி ஒலிக்கும், வரிசையில் நிற்க வேண்டும், பெயர் கூப்பிடப்படும். படை அணிவகுப்பைக் குறிக்கும் 'பெரேடு' என்னும் ஆங்கிலச் சொல்லே தமிழர் நாவில் இவ்வாறு திரிந்தது என்பர். ஒரு நிறுவனம் எதனை மதிக்கிறது என்பதை அறிய அதன் விதிநூலைப் புரட்ட வேண்டியதில்லை. அது தன் நாளை எவ்வாறு தொடங்குகிறது என்று பார்த்தாலே போதும். தோட்ட நிருவாகம் மதித்தது பணிவை.

ஆயின், பால்வெட்டு பணிவினால் மட்டும் நடைபெறும் தொழிலன்று. கத்தி ஆழமாக இறங்கினால் மரம் காயமுறும். பட்டை மீண்டும் வளர்கையில் முண்டும் முடிச்சுமாகிப் பின்னாளில் வெட்டுக்கு உதவாது போகும். ஆழம் குறைந்தாலோ பால் குறையும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மயிரிழை அளவை, அரையிருளில், நூற்றுக்கணக்கான மரங்களில் காத்தவை தொழிலாளியின் கைகளே. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு மண்டோரை நிறுத்த எந்தத் துரையாலும் இயலாது. கங்காணிக்கோ அன்று வேலைக்கு வந்தவர்களை எண்ணித் தலைக்காசு கிடைத்தது. ஆளெண்ணிக்கைக்குக் காசு தந்த நிருவாகம், கைத்திறனையும் மனமுவந்த உழைப்பையும் இலவசமாக எதிர்பார்த்தது. நம் தோட்ட வரலாற்றை எழுதியோர் இம்முரண்பாட்டைப் போதிய அளவு கருதினாரல்லர் என்றே எண்ணுகிறேன்.

1941ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் முன்னின்றார். கோரிக்கைகளைப் படிப்போர் சற்று வியப்படைவர். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி கேட்டனர். பிள்ளைகளுக்குக் கல்வி கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். இவற்றோடு, துரையையோ கிராணியையோ எதிரில் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்றும் கேட்டனர். கூலி ஒரு காசும் உயராத கோரிக்கை இது! எனினும் அதற்காகவும் போராடினர். நாதன் நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர்.

போருக்குப் பின் காற்று மாறியது. 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆயின. அதனை வழிநடத்திய பி. பி. நாராயணன், நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணி தொடங்கியவர். கூலியும் வேலை நேரமும் இனித் துரையின் திருவுளமல்ல, ஒப்பந்தம் என்றாயின. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் வீடிழந்த நாளில், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார். பால்வெட்டுபவரே பங்குதாரர் என்பது அன்று புதுமை. எனினும் பங்குரிமை மாறிய வேகத்தில் பழக்கம் மாறவில்லை. மேலாளர், கிராணி, மண்டோர் என்ற ஏணி கூட்டுறவுத் தோட்டங்களிலும் நின்றது.

சுங்கை காடுட்டில் பின்னர் துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டை எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினர். 1982இல் அரசு அறிவித்த 'கிழக்கை நோக்கும் கொள்கை', ஜப்பானியரின் உழைப்புப் பண்பைக் கற்கச் சொன்னது. மேலாளருக்கும் தொழிலாளிக்கும் ஒரே சீருடை, ஒரே உணவுக்கூடம் என்பதும் அந்தப் பண்பின் ஒரு பாதியே. நம் நாட்டு மேடைகளில் அதிகம் பேசப்பட்டதோ, தொழிலாளி நேரத்தோடு வர வேண்டும் என்ற மற்றப் பாதி.