புதுச்சேரியின் மூன்றாம் பிரதி

பழைய கணக்குகளையும் ஒப்பந்தங்களையும் எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும்போது, நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: இதை எத்தனை தடவை திறந்து பார்ப்போம்? அடிக்கடி தேவைப்படுவது வேகமான, விலை கூடிய சேமிப்பில் இருக்கும். எப்போதாவது தேவைப்படுவது அமேசான் கிளவுடின் டீப் ஆர்க்கைவ் போன்ற மலிவான அடுக்குக்குப் போகும். அங்கிருந்து ஒரு கோப்பை மீட்க, வழக்கமான முறையில், 12 மணி நேரம் வரை காத்திருக்க வேண்டும். இந்தக் கணக்கில் தப்பில்லை, ஆனால் இது இரண்டாவதாகப் போட வேண்டிய கணக்கு. மூலம் இருக்கும் இடமே அழிந்தால் என்ன மிஞ்சும் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரி பெரும் விலை கொடுத்தது.

1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த ஊரில், கோட்டையும் பிரெஞ்சுக் கட்டடங்களும் வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டன. வணிகர் வழியாக நெசவாளருக்குப் போன முன்பணம், கப்பலேறிய துணிப் பொதிகள், ஆட்சி மன்றத்தின் சச்சரவுகள் ஆகியவை இன்றும் ஆராய்ச்சிக்குக் கிடைக்கின்றன என்றால், ஊரை ஆண்ட பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் கடிதங்களைப் பிரான்சுக்கு அனுப்பி வந்ததே அதற்குப் பெருங்காரணம். ஒரே கடிதத்தின் பிரதிகளை வெவ்வேறு கப்பல்களில் ஏற்றினார்கள். ஒன்று மூழ்கினாலும் மற்றொன்று கரை சேரும். ஆராய்ச்சியாளரை மனத்தில் வைத்து இதைச் செய்யவில்லை. பாரிஸில் இருந்த முதலாளிகளுக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது.

தற்செயலாகக் கிடைத்த அந்தப் பாதுகாப்பை 1776 ஜூன் மாதப் பிரெஞ்சு அரசாணை சட்டமாக்கியது. குடியேற்ற நாடுகளின் பொது ஆவணங்களுக்கென வெர்சாயில் ஒரு காப்பகத்தை அது நிறுவியது. தேவாலயப் பதிவேடுகள் மூன்று பிரதிகளாக எழுதப்பட வேண்டும் என்றானது. ஒரே ஞானஸ்நானத்தை, ஒரே திருமணத்தை, ஒரே அடக்கத்தை மூன்று முறை எழுத வேண்டும். ஒரு பிரதி தேவாலயத்தில், ஒன்று நீதிமன்றப் பதிவகத்தில், மூன்றாவது கடல் கடந்து வெர்சாய்க்கு. நோட்டரிகளின் பத்திரங்களும் நீதிமன்றப் பதிவுகளும் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. அன்றாடப் புழக்கத்துக்கு உள்ளூரின் இரண்டு பிரதிகளே போதும். மூன்றாவதை ஏறக்குறைய யாரும் திறக்கப் போவதில்லை. ஆனாலும் அதற்காக எழுத்துக்கூலியும் கப்பல் செலவும் கூடுதலாகவே ஆயின. எதிரியோ புயலோ தீயோ எட்டாத தூரத்துக்குக் கொடுத்த விலை அது. ஆணைக்குப் பின்னும் 1778, 1793 என இரண்டு முறை ஊர் கைமாறியதை நினைத்தால், அந்தச் செலவை வீண் என்று சொல்ல மாட்டேன்.

கம்பெனியின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை இதற்கு மறுப்பாகக் காட்டலாம். 1736இல் தொடங்கி அவர் தமிழில் எழுதியதற்கு அரசாணையும் இல்லை, கப்பலும் இல்லை. வீட்டிலேயே கிடந்து பிழைத்தது. உண்மைதான். ஆனால் அந்த வீடு கோட்டைக்குள் இல்லை, தமிழர் பகுதியில் இருந்தது, இன்றும் நிற்கிறது. இடம் வேறாக இருந்ததுதான் அதையும் காத்தது. அப்படியும் இடையிடையே பகுதிகள் தொலைந்துவிட்டன. 1846இல் புதுச்சேரியில் வாழ்ந்த கல்வா மோன்பிரான் அதைக் கண்டெடுத்த பிறகுதான் பிரதிகள் எடுக்கப்பட்டன; தமிழறிந்த பிரெஞ்சு அதிகாரி அரியேல் எடுத்த பிரதி பாரிஸின் தேசிய நூலகம் வரை போனது. ஒரு குடும்பத்தின் அக்கறை எண்பது ஆண்டுக்கும் மேல் அதைத் தாங்கியது பெரிய காரியம். அதையே ஏற்பாடு என்று நம்பி எந்த வணிகமும் தன் ஏடுகளை விட்டுவைக்க முடியாது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு, அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. தொலைவில் வைத்த பிரதி வைத்தவன் கையைவிட்டுப் போகிறது. வெர்சாய்க்குப் போனவை இப்போது எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரின் காப்பகத்தில் இருக்கின்றன. தன் முன்னோரின் திருமணப் பதிவைத் தேடும் புதுச்சேரிக்காரர் நெடுங்காலம் அயல்நாட்டுக் காப்பகத்தின் தயவை நாட வேண்டியிருந்தது. பதிவேடுகளின் படங்கள் இணையத்தில் ஏறிய பிறகே அந்தக் கஷ்டம் குறைந்தது. எதை அனுப்புவது, யார் திறக்கலாம் என்பதை வெர்சாய் தீர்மானித்தது. பதிவில் பெயர் இருந்தவர்களை யாரும் கேட்கவில்லை. இன்று கிளவுடில் ஆவணம் ஏற்றும் நிறுவனத்துக்கும் இதே சிக்கல் உண்டு. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. நிலப் பத்திரமும் கூட்டு ஒப்பந்தமும் அதைத் தாண்டி வாழும். ஆகவே மாத வாடகை எவ்வளவு என்று பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. முழுவதையும் ஒரே நாளில் வெளியே எடுக்க எவ்வளவு ஆகும், ஒப்பந்தம் முறிந்தால் எத்தனை நாள் அவகாசம் என்பதையும் ஏற்றுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.