காத்தான்குடியும் ஸ்ரெப்ரெனிகாவும்

1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு. கிழக்கிலங்கைக் காத்தான்குடியின் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றோரை விடுதலைப் புலிகள் சுட்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாயினர். குண்டு துளைத்த சுவர்களை ஊரார் பூசி மறைக்கவில்லை. அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். இவ்விரு கொடுமைகளுக்காகவும் எந்த நீதிமன்றமும் எவரையும் தண்டிக்கவில்லை.

ஐந்தாண்டுகளுக்குப் பின் 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிகாவில் எட்டாயிரம் அளவிலான போஸ்னிய முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். ஐ.நா. பாதுகாப்பு அவை 1993இலேயே ஹேக் நகரில் நிறுவியிருந்த தீர்ப்பாயம் 161 பேர் மீது குற்றஞ்சாட்டியது. பிடிப்பதுதான் கடினமாயிற்று. கராஜிச் தாடி வளர்த்து, மாற்று வைத்தியராக வேடமிட்டு, பெல்கிரேடில் 2008 வரை உலவினார். மிலாடிச் 2011இல்தான் அகப்பட்டார். ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர விரும்பிய செர்பியாவுக்கு இவர்களை ஒப்படைப்பதே நிபந்தனையாக வைக்கப்பட்டது. அந்த நெருக்குதல் இன்றேல் இருவரும் தத்தம் வீட்டில் முதுமை எய்தியிருப்பர் என்பதே நம் கருத்து. இருவருக்கும் ஆயுள் தண்டனை உறுதியாயிற்று.

இலங்கை விஷயத்தில் அத்தகைய நெருக்குதல் எவரிடமிருந்தும் வரவில்லை. புலிகளின் கிழக்குத் தளபதியாயிருந்து 2004இல் பிரிந்த கருணா, 2007இல் இலண்டனில் பிடிபட்டார். போர்க்குற்றங்களுக்காக அவரை விசாரிக்குமாறு மனித உரிமை அமைப்புகள் கோரின. போதிய சாட்சியம் இல்லையென்றனர் பிரிட்டிஷ் வழக்குத் தொடுநர்கள். பொய்க் கடவுச்சீட்டுக்காக ஒன்பது மாதச் சிறைத் தண்டனை. பின்னர் கொழும்பில் அமைச்சர் பதவி! அரபியில் ஷஹீதும் ஷாஹிதும் ஒரே வேர்ச்சொல்லின் கிளைகள். நம்மவர் முன்னவரைப் போற்றிய அளவு பின்னவரின், அதாவது சாட்சியின், வாக்குமூலத்தைப் பதிந்து காத்தார்களா?

தமிழ் மக்களுக்கும் நீதி அரிதாகவே கிட்டியது. 2000 டிசம்பரில் மிருசுவிலில் எட்டுத் தமிழர்களைக் கொன்ற இராணுவச் சார்ஜண்டுக்கு 2015இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோத்தாபய மன்னித்து விடுவித்தார்.

விசாரணைக் கமிஷன்கள் போதாவா என்பர் சிலர். நம் குமரி மாவட்டம் 1982 மண்டைக்காட்டுக் கலவரத்துக்குப் பின் நீதிபதி வேணுகோபால் கமிஷனைக் கண்டது. 1952ஆம் ஆண்டின் சட்டப்படி கமிஷன்முன் ஒருவர் அளிக்கும் வாக்குமூலத்தை, பொய்ச்சாட்சி வழக்கு நீங்கலாக, அவருக்கெதிராகவே பயன்படுத்த இயலாது. தண்டிக்கும் அதிகாரமும் கமிஷனுக்கு இல்லை. இலங்கையின் நல்லிணக்க ஆணைக்குழுவும் 2011இல் அறிக்கை தந்ததோடு நின்றது.

2025 மார்ச்சில் பிரிட்டன், கருணாவுக்கும் இலங்கைப் படைத்தளபதிகளாயிருந்த மூவருக்கும் பயணத் தடையும் சொத்து முடக்கமும் விதித்தது. வழக்கு எதுவும் தொடுக்கவில்லை.