ஏமாறத் தெரியாத சாவி

ஸ்டினா எரன்ஸ்வார்ட் ஸ்வீடன்காரர், பொருள் வடிவமைப்பாளர். கணவர் யாகோப் பொறியாளர். ஸ்டினா தன் வங்கிக் கணக்கை இணையத்தில் இயக்கத் தொடங்கிய காலத்தில், அந்தக் கணக்கைக் காலிசெய்யும் மென்பொருளை எழுத ஒரே நாள் போதும் என்று யாகோப் சொன்னாராம். ஸ்டினாவே பிற்பாடு இதைச் சொல்லியிருக்கிறார். அப்படியானால் பூட்டை நாமே செய்வோம் என்று இருவரும் இறங்கினார்கள். 2007-இல் யூபிகோ நிறுவனம் பிறந்தது. அடுத்த ஆண்டே ‘யூபிகீ’ விற்பனைக்கு வந்தது.

பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் கருவிகள் அதற்கு முன்பே இருந்தன. சிப் பதித்த அட்டைக்குத் தனி ரீடர் வேண்டும், அதற்கு டிரைவர் மென்பொருள் வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் எண் மாறும் சாவிக்கொத்துக் கருவியில் பேட்டரி தீரும். எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தட்டவும் வேண்டும். பெரிய நிறுவனங்கள் ஊழியர்களைக் கட்டாயப்படுத்திப் பயன்படுத்த வைத்தன. சாதாரண ஆள் அந்தப் பக்கமே போகவில்லை.

யூபிகீ இந்த முடிச்சை ஒரு தந்திரத்தால் அவிழ்த்தது. யாரென்று கேட்காமல் எந்தக் கணினியும் ஏற்றுக்கொள்ளும் சாதனம் கீபோர்டு. யூபிகீயை யுஎஸ்பி துளையில் செருகினால், தான் ஒரு கீபோர்டு என்று அது சொல்லிக்கொள்ளும். நடுவிலுள்ள வட்டத்தைத் தொட்டால், 44 எழுத்துகளைத் தானே ‘தட்டச்சு’ செய்யும். முதல் 12 எழுத்து அந்தச் சாவியின் அடையாளம். மீதி 32 ஒவ்வொரு தொடுதலுக்கும் மாறும் ரகசியக் குறி. பேட்டரி இல்லை, திரை இல்லை, டிரைவர் இல்லை.

இதில் யாகோபுக்கு ஒரு தலைவலி இருந்தது. பிரான்சில் விற்கும் கீபோர்டில் சில எழுத்துகள் இடம் மாறியிருக்கும். ஜெர்மனியில் வேறு சில. சாவி ஒன்றைத் தட்ட, திரையில் இன்னொன்று விழும். அதனால் பெரும்பாலான ஐரோப்பிய கீபோர்டுகளில் இடம் மாறாத 16 எழுத்துகளை மட்டும் பொறுக்கி எடுத்து, அவற்றாலேயே எல்லாக் குறிகளையும் எழுத வைத்தார்கள். அந்த வரிசையில் பூஜ்ஜியத்துக்கு நிற்கும் எழுத்து ‘சி’. ஆரம்ப காலச் சாவிகளின் அடையாள எண் சில பூஜ்ஜியங்களோடுதான் தொடங்கும். கை தவறிச் சாவியைத் தொட்டுவிட்டால், அலுவலக அரட்டைப் பெட்டியில் ‘சிசிசிசி’ என்று ஒரு நீண்ட உளறல் போய் விழும். அலுவலகங்களில் அது இன்றும் ஒரு நகைச்சுவை.

ஆனால் அந்த 44 எழுத்தில் ஓர் அடிப்படை ஓட்டை இருந்தது. அது எந்தப் பக்கத்தில் விழுகிறது என்பது சாவிக்குத் தெரியாது. வங்கியின் பக்கத்தைப் போலவே ஒரு போலிப் பக்கத்தைக் கட்டி, அங்கே விழும் குறியை அந்த நொடியே உண்மையான வங்கிக்குத் திருடன் அனுப்பிவிட்டால் கதவு திறந்துவிடும். போனுக்கு வரும் ஓடிபியின் கதையும் இதேதான். முகவரியை உற்றுப் பார்க்கும் வேலை கடைசியில் மனிதன் தலையில்தான் விழுந்தது.

2010 ஜனவரியில் கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சீனாவிலிருந்து வந்த தாக்குதலில் தன் அறிவுசார் சொத்துகள் களவுபோனதாகவும், சீன மனித உரிமை ஆர்வலர்களின் ஜிமெயில் கணக்குகள் குறிவைக்கப்பட்டதாகவும் அது சொன்னது. அடுத்த ஆண்டு மார்ச்சில் இன்னோர் இடி. எண் மாறும் சாவிக்கொத்துக் கருவிகளைச் செய்துவந்த ஆர்.எஸ்.ஏ நிறுவனத்துக்குள்ளேயே திருடர்கள் புகுந்து, அந்தக் கருவிகள் தொடர்பான ரகசியங்களை அள்ளிச் சென்றார்கள். ராணுவ விமானங்கள் செய்யும் லாக்ஹீட் மார்ட்டின் மீதான தாக்குதலில் அவை பயன்பட்டன. கருவிகளை மாற்றித் தருவதாக ஆர்.எஸ்.ஏ அறிவிக்க வேண்டியதாயிற்று.

இரண்டு சம்பவமும் சேர்ந்து இரண்டு பாடம் சொல்லின. மனிதன் ஏமாறுவான் என்று வைத்துக்கொண்டே பூட்டைச் செய்ய வேண்டும். ரகசியத்தின் நகல் எதிர்முனையில் இருக்கவே கூடாது.

ஸ்டினா 2011-இல் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தார். கூகுள், யூபிகோ, சிப் தயாரிக்கும் என்.எக்ஸ்.பி ஆகிய மூன்றும் சேர்ந்து புதிய சாவி ஒன்றை வடிவமைத்தன. கூகுளுக்குள் அதன் செல்லப்பெயர் ‘நப்பி’ (Gnubby). கடவுச்சொல்லின் காலம் முடியப்போகிறது என்ற தொனியில் 2013-இல் கூகுளின் எரிக் குரோஸும் மயங்க் உபாத்யாயும் எழுதிய கட்டுரையில், விரலில் மோதிரமாகப் போட்டுக்கொள்ளும் சாவியைப் பற்றிய யோசனைகூட இருந்தது.

புதிய சாவி வேலை செய்யும் விதம் இதுதான். ஒரு தளத்தில் முதன்முதலாகப் பதிவுசெய்யும்போது சாவி தனக்குள் ஒரு ஜோடி எண்களை உருவாக்கும். ஒன்று ரகசியம், ஒன்று பகிரங்கம். பகிரங்க எண் மட்டும் தளத்துக்குப் போகும். பிறகு உள்ளே நுழையும்போதெல்லாம் தளம் ஒரு புதிய கேள்வியை அனுப்பும். சாவி அதில் ரகசிய எண்ணால் கையெழுத்திடும். தளம் பகிரங்க எண்ணால் அதைச் சரிபார்க்கும். தளத்தின் கிடங்கையே கொள்ளையடித்தாலும் திருடனுக்குக் கிடைப்பது பகிரங்க எண்தான். அதை வைத்துக் கையெழுத்திட முடியாது.

உயிர்நாடி இனிமேல்தான். நீங்கள் எந்த முகவரியில் நிற்கிறீர்கள் என்பதை பிரவுசரே சாவியிடம் சொல்லிவிடும். ஜிமெயிலுக்கு உண்டாக்கிய எண், ஜிமெயிலைப் போலத் தோன்றும் பக்கத்துக்குப் பொருந்தாது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சாவி கையெழுத்துப் போடாது. பக்கம் எவ்வளவு தத்ரூபமாக இருந்தாலும் சாவியின் கண்ணில் அது படாது. அது பார்ப்பது முகவரியை மட்டும்.

இவ்வளவு சிறிய சிப்பில் எத்தனை தளங்களின் ரகசியத்தை வைப்பது? அதற்கும் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு. சாவிக்குள் ஒரே ஒரு தலைமை ரகசியம் இருக்கும். ஒவ்வொரு தளத்துக்கான ரகசிய எண்ணையும் அதனால் பூட்டி, பூட்டிய பொட்டலத்தை அந்தத் தளத்திடமே கொடுத்துவைக்கலாம். நுழையும்போது தளம் பொட்டலத்தைத் திருப்பித் தரும். சாவி பிரித்துப் பயன்படுத்திவிட்டு மறந்துவிடும். எத்தனை கணக்கு சேர்ந்தாலும் இடம் தீராது. தளத்துக்குத் தளம் எண் வேறு என்பதால், இரண்டு கணக்கும் ஒரே ஆளுடையவை என்று தளங்கள் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கவும் முடியாது.

இதை ஒரு நிறுவனத்தின் சொத்தாக வைத்திருந்தால் பிழைத்திருக்காது. பேபால், லெனோவோ போன்றவை சேர்ந்து தொடங்கிய ஃபைடோ கூட்டமைப்பில் கூகுளும் யூபிகோவும் 2013-இல் இணைந்து, வடிவமைப்பைப் பொதுவில் வைத்தன. 2014 அக்டோபரில் ஜிமெயில் கணக்குகளுக்கு இந்தச் சாவியைப் பயன்படுத்தும் வசதி வந்தது. டிசம்பரில் ‘யு2எஃப்’ என்ற பெயரில் முழு வரையறையும் வெளியானது. யூபிகோ விற்ற நீல நிறச் சாவியின் விலை அன்று 18 டாலர். யார் வேண்டுமானாலும் சாவி செய்யலாம். எந்தத் தளமும் ஏற்கலாம். டிராப்பாக்ஸ், கிட்ஹப், ஃபேஸ்புக் என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன.

கூகுள் தன் ஊழியர்கள் 50,000-க்கும் அதிகமானோருக்குக் கொடுத்துப் பார்த்தது. ஓடிபியோடு ஒப்பிட்டால், நுழைய ஆகும் நேரம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. சாவி கட்டாயமான 2017-இன் தொடக்கத்திலிருந்து 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களில் ஒருவருடைய அலுவலகக் கணக்கும் போலித் தளங்களால் பறிபோகவில்லை என்று 2018-இல் கூகுள் சொன்னது.

ஆனாலும் மிகத் தெளிவான சோதனை 2022 ஜூலையில் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தில் நடந்தது. ஊழியர்கள் குறைந்தது 76 பேரின் போன்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் குறுஞ்செய்தி பறந்தது. அதிலிருந்த இணைப்பு, நிறுவனத்தின் நுழைவுப் பக்கத்தை அச்சடித்தாற்போன்ற போலி. அதன் முகவரியையே 40 நிமிடம் முன்புதான் பதிவுசெய்திருந்தார்கள். மூன்று பேர் ஏமாந்து பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டார்கள். அது திருடர் கைக்கு உடனுக்குடன் போனது. அடுத்துத் தேவைப்பட்டது ஓர் ஓடிபி. அங்கே ஓடிபியே கிடையாது, சாவிதான். கதை அத்தோடு முடிந்தது. அதே பாணித் தாக்குதலில் ட்விலியோ நிறுவனத்துக்குள் திருடர்கள் நுழைந்தேவிட்டார்கள். இரண்டு இடத்திலும் மனிதர்கள் ஏமாந்தார்கள். வித்தியாசம் கையிலிருந்த பொருளில்.

குறை இல்லாமல் இல்லை. யூபிகீக்குள் இருக்கும் மென்பொருளை வாங்கிய பிறகு மாற்ற முடியாது. பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு அது. 2024-இல் யூபிகீக்குள் இருந்த இன்ஃபினியோன் சிப்பில் ஒரு பிழை வெளிப்பட்டபோது, பழைய சாவிகள் பழைய பிழையோடே தங்கின. அதைப் பயன்படுத்த, சாவியைக் கையில் எடுத்து, உடைத்துத் திறந்து, ஆய்வகக் கருவிகளை வைத்து அளக்க வேண்டும் என்பதால் பெரும்பாலோர் கவலைப்படத் தேவையில்லை. உள்ளே நுழைந்தபின் கணினியில் குடியிருக்கும் வைரஸைச் சாவி தடுக்காது. தொலைந்தால் என்ன செய்வது என்பது மாறாத கேள்வி. அதனால்தான் ஆப்பிள் 2023-இல் தன் கணக்குகளுக்குச் சாவியை அனுமதித்தபோது, குறைந்தது இரண்டு இருந்தால்தான் பதிவே செய்யவிட்டது.

இன்று போனிலேயே வரும் ‘பாஸ்கீ’ இதே குடும்பம்தான். கையெழுத்து, முகவரிச் சோதனை எல்லாம் அதேதான், தனிச் சாவி மட்டும் இல்லை. எதை எடுத்துக்கொண்டாலும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. சாவியைப் பதிவுசெய்த கையோடு, அமைப்புகளுக்குள் போய் எஸ்.எம்.எஸ் வழியாகக் கணக்கை மீட்கும் வழி இன்னும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். திறந்திருந்தால், போலிப் பக்கம் கட்டுகிறவன் சாவியோடு மல்லுக்கட்ட மாட்டான். அந்த வழியாக வருவான்.