பட்டர் மட்டையும் சாய்வு நாற்காலியும்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், முத்தியால்பேட்டை முடிகிற இடத்தில் கோட்டக்குப்பம் தொடங்கிவிடும். மாநில எல்லையைத் தாண்டியது தெரியாது. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம், 2021இல் நகராட்சியான ஊர். இங்கிருந்து பொம்மையார்பாளையம் வரை சாலையோரத்தில் பழைய மரச்சாமான் விற்பவர்களும் அவற்றைச் செப்பனிடும் பட்டறைகளும் உண்டு. இடித்த வீடுகளின் நிலைக்கதவு, தூண், கண்ணாடி அலமாரி, கை நீண்ட சாய்வு நாற்காலி எல்லாம் வெயிலில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். உள்ளே மரத்தைத் தேய்க்கும் சாண்டர் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த வேலையை முற்றிலும் வேறொரு வேலையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை. அது பழைய கோல்ஃப் மட்டைகளை, அதிலும் பச்சைப் புல்வெளியில் பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் பட்டர் மட்டையைப் புதுப்பிக்கும் வேலை. கோட்டக்குப்பத்தில் யாரும் பட்டர் பழுது பார்ப்பதில்லை. நம் மாநிலத்தில் கோல்ஃப் என்றாலே கிண்டி, நந்தனம், ஊட்டி, வெலிங்டன், 1895இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் கிளப் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். ஆனாலும் இரண்டு பட்டறையிலும் வேலை தொடங்குமுன் எழுகிற கேள்வி ஒன்றே. பழசின் மேல் படிந்திருப்பதில் எது அழுக்கு, எது அந்தப் பொருளே? இந்தக் கேள்விக்குப் பட்டர்க்காரர்கள் கண்டுபிடித்த விடை, நம் தச்சுப் பட்டறைகளுக்கும் உதவும் என்பது என் எண்ணம்.

முதலில் பட்டர். அதில் தேய்வதற்கென்றே சில பகுதிகள் உண்டு. பிடியில் சுற்றிய ரப்பரோ தோலோ சில ஆண்டுகளில் வழவழத்துப் போகும். கிழித்தெறிந்து புதிது போடலாம். எழுத்துப் பள்ளங்களில் நிரப்பிய வண்ணம் உதிரும். அசிட்டோனால் கழுவி ஊசி முனையால் மறுபடி நிரப்பலாம். எஃகுத் தலையின் மேல் உள்ள கருநீலப் பூச்சு கை வியர்வையிலேயே கரைந்துவிடும்; இரசாயனத்தில் தோய்த்து மறுபடி ஏற்றலாம். இவற்றை மாற்றுவதால் மட்டைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் பந்தைத் தொடும் முகம் அப்படியல்ல. அதன் சாய்வு மூன்று நான்கு டிகிரிதான். பத்து சென்டிமீட்டர் நீளமும் இரண்டரை சென்டிமீட்டர் உயரமும் உள்ள எஃகு முகத்தில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தேய்த்தால் ஏறக்குறைய 2 கிராம் போய்விடும். ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்ந்தால் சாய்வும் மாறும், எடை நிற்கும் இடமும் நகரும். பத்தடியிலிருந்து உருட்டுகிற பந்து இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்குச் சாட்சியாக நிற்பது கோல்ஃப் உலகத்திலேயே பேர்போன மட்டை. பாபி ஜோன்ஸ் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் 1923 முதல் 1930 வரை 13 பெரும் பட்டங்களை வென்றவர். அவர் கையிலிருந்த பட்டருக்குக் ‘கலாமிட்டி ஜேன்’ என்று பெயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் செய்த பழைய மட்டை அது; பிறகு அவருக்குக் கிடைத்தது. துரு ஏறாமலிருக்கத் திரும்பத் திரும்பத் தேய்த்துத் தேய்த்தே அதன் முகம் கெட்டுப்போனது. ஸ்பால்டிங் நிறுவனத்தைக் கொண்டு நகல்கள் செய்துகொண்டார். அவற்றில் ஒன்றை வைத்துத்தான் கடைசிப் பத்துப் பட்டங்களையும் வென்றார். கெடுக்க வந்த துரு அந்த மட்டையைக் கெடுக்கவில்லை. காக்க வந்த கைதான் கெடுத்தது. அதே மட்டையின் ஹிக்கரி மரத் தண்டு விரிசல் விட்டபோது நூலால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். பின்னாளில் ஸ்பால்டிங் கடைகளுக்கு அனுப்பிய மட்டைகளில் அந்தக் கட்டும் சேர்ந்தே வந்தது, விரிசல் இல்லாத தண்டின் மேல். பழுது பார்த்த தடம்கூட மட்டையின் அடையாளமாகிவிட்டது.

முகத்துக்கு அடுத்தபடி முத்திரை. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1959இல் தன் வீட்டுக் கார் கொட்டகையில் பட்டர் செய்யத் தொடங்கினார். 1966இல் அவர் வரைந்த ‘ஆன்சர்’ என்ற வடிவம்தான் இன்று உலகத்தில் பாதிப் பட்டர்களுக்குத் தாய் வடிவம் என்று சொல்லத் தோன்றும், அவ்வளவு நகல்கள். மட்டையில் இடம் போதாததால் ஆங்கிலப் பெயரில் ஓர் எழுத்தைக் குறைக்கலாம் என்று சொன்னவர் அவர் மனைவி லூயிஸ். அந்த மாங்கனீசு வெண்கலத் தலைகளில் அவருடைய நிறுவனத்தின் முகவரியையும் அடித்திருப்பார்கள். ஸ்காட்ஸ்டேல் என்றிருந்தால் தொடக்க காலத்தது. பீனிக்ஸ் என்றிருந்தால் அதற்குப் பிறகு. அஞ்சல் எண்ணைப் பார்த்து இன்னும் நெருங்கலாம். சேகரிப்பவர்கள் ஆண்டைக் கணிப்பது இந்த எழுத்துகளை வைத்துத்தான். மெருகுச் சக்கரத்தில் கொடுத்தால் எழுத்தின் ஓரங்கள் முதலில் மழுங்கும். தலை பொன்போல மின்னும், விலை பாதாளத்துக்குப் போகும்.

ஆகவே பட்டர் புதுப்பிக்கிறவர் கையில் தராசு, கோணமானி, முத்திரை என்று மூன்று காவல்கள் இருக்கின்றன. எங்கே நிறுத்த வேண்டும் என்று அவருக்குச் சொல்ல ஆள் வேண்டியதில்லை, அந்த மூன்றும் சொல்லிவிடும்.

இனி சாய்வு நாற்காலி. கை இரண்டும் முழங்காலைத் தாண்டி நீளும். இருக்கையும் முதுகும் பிரம்புப் பின்னல். இதிலும் தேய்வதற்கென்றே உள்ளவை உண்டு. பிரம்பு அறுந்தால் துளைகளைச் சுத்தம் செய்து புதுப் பிரம்பை நனைத்துப் பின்னலாம். ஆடும் மூட்டைக் கழற்றி மர ஆணியை மாற்றலாம். மேல்பூச்சு போனால் புதிது பூசலாம். தச்சர்கள் காலங்காலமாகச் செய்து வருவதுதான் இது. மாற்ற முடியாதது ஒன்றுண்டு, அது மரத்தின் மேல்தோல். பர்மா தேக்கு நூறாண்டுக் காற்றிலும் வெளிச்சத்திலும் பழுத்து நிறம் மாறுவது மிக மெல்லிய மேல் அடுக்கில் மட்டும்தான். அதன் மேல் இழைப்புளி ஓடிய அலை இருக்கும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலை ஓட்டினால் மெல்லிய மேடு பள்ளமாகத் தட்டுப்படும். நாற்காலிக் கையின் முனையில், உட்கார்ந்தவர்களின் உள்ளங்கை பட்டுப் பட்டு விளிம்பு உருண்டிருக்கும். எண்பதாம் நம்பர் உப்புத்தாளைச் சாண்டரில் மாட்டி நாலு ஓட்டு ஓட்டினால் இவ்வளவும் தூளாகிவிடும். அடியிலிருந்து வருவது மஞ்சள் பாய்ந்த புது மரம். பழைய நாற்காலி வாங்கியவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வது பழைய வடிவத்தில் உள்ள ஒரு புது நாற்காலி.

இங்கே தராசு இல்லை. அரைக் கிலோ தேய்த்தாலும் உட்காருகிறவருக்குத் தெரியாது. பெரும்பாலான நாற்காலிகளில் செய்தவர் பெயரும் இல்லை. நிறுத்தச் சொல்லும் காவல் எதுவும் இல்லாததால்தான் நம் பட்டறைகளில் மெஷின் நிற்காமல் ஓடுகிறது. இதைத் தச்சர்களின் குறையாக நான் பார்க்கவில்லை. கூலி நாள் கணக்கில். பொருள் பளபளவென்று இருந்தால்தான் சாலையில் போகிற கார் நிற்கும். சீவுளித் தகட்டால் பழைய வார்னிஷை மட்டும் சுரண்டியெடுக்கத் தெரிந்த கைகள் அங்கே இருக்கின்றன. அந்தத் தகடு எப்போது மெழுகுபோன்ற பூச்சை விட்டு மரத்தைத் தொடுகிறது என்பதை ஒலியிலேயே கண்டுபிடிப்பார்கள். அதற்கு ஆகும் மூன்று நாள் கூலியைக் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

மேல்பூச்சில் இந்த இரண்டு தொழிலும் நிஜமாகவே சந்திக்கின்றன. பழைய ஹிக்கரித் தண்டுகளுக்குப் பூசியது அரக்கு. நம் ஊர் பிரெஞ்சு பாலிஷும் அரக்குதான். புரசு, இலந்தை, குசும் மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சி சுரப்பதைச் சுரண்டி உருக்கி, செதிலாக்கி, ஸ்பிரிட்டில் கரைத்து, துணிக்குள் பஞ்சு வைத்த பொட்டலத்தால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பது. ஜார்கண்ட் காடுகளில் இதை நம்பிப் பல குடும்பங்கள் உள்ளன. ராஞ்சி அருகே நாம்குமில் 1924இலேயே அரக்கு ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. ஸ்காட்லாந்துக் கொல்லரின் மட்டையும் புதுச்சேரி துரையின் நாற்காலியும் ஒரே பிசினைப் பூசிக்கொண்டவை. சோல்ஹைம் ஆன்சரை முதலில் வரைந்தது 78 சுற்று இசைத்தட்டின் உறையில் என்பார்கள். அந்தத் தட்டுகளும் ஒருகாலத்தில் அரக்கில் வார்த்தவையே.

அரக்கின் பெருமை, அது மீளக் கூடியது என்பது. ஸ்பிரிட் தொட்டால் இளகும். பழைய பூச்சின் மேலேயே புதுப்பூச்சு கலந்து ஒட்டிக்கொள்ளும். கீறல் விழுந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம், முழுவதையும் உரிக்க வேண்டியதில்லை. இன்று பட்டறைகளில் அடிக்கும் மெலமைனும் பியூ எனப்படும் பாலியூரித்தேனும் அப்படி அல்ல. இறுகினால் இறுகியதுதான். பத்தாண்டு கழித்து அது செதில் செதிலாக உரியும்போது மறுபடி சாண்டர்தான் வழி, மறுபடி ஒரு தோல் போகும். ஆனால் அரக்குக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் பூசினால் பால் படிந்ததுபோல் வெளுக்கும். கடல் அருகிலுள்ள ஊரில் இது சின்னத் தொல்லை அல்ல. மழை மாதங்களில் மூட்டு வேலை, பிரம்பு வேலை பார்த்துவிட்டு, தை பிறந்தபின் பாலிஷ் போடலாம். காத்திருக்க வாங்குகிறவருக்குப் பொறுமை வேண்டும்.

கடற்காற்று பட்டரையும் விடாது. கருநீலம் ஏற்றிய கார்பன் எஃகுத் தலையை எண்ணெய் தடவாமல் இங்கே ஒரு வாரம் வைத்தால் செம்புள்ளி கண்டுவிடும். பித்தளைத் தலை பச்சை பூக்கும். உடனே நம் கை புளியைத் தேடும். குத்துவிளக்குக்கு ஆகிவந்த வைத்தியம்தான். ஆனால் புளியில் ஊறப்போட்டு மறந்துவிட்டால் பித்தளையின் மேல்பரப்பிலிருந்து துத்தநாகம் கரைந்து, மஞ்சள் மாறி இளஞ்சிவப்பு தட்டும். தேய்த்து அந்தச் சிவப்பை எடுக்கப் போனால், பழையபடி முகமும் முத்திரையும் தேயும்.

இரண்டு தொழிலிலும் தூசி விஷமாகும் சமயம் உண்டு. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு என்பதால் அழுத்திச் சொல்கிறேன். சில பட்டர் தலைகள் பெரிலியம் கலந்த செம்பால் ஆனவை. அதை ஈரமில்லாமல் தேய்க்கும்போது கிளம்பும் தூளைச் சுவாசித்தால் நுரையீரலுக்கு ஆறாத நோய் வரலாம். பழைய கதவுகளிலும் அலமாரிகளிலும் உள்ள பச்சை, மஞ்சள், வெள்ளை பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு மிக அதிகம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதற்கு முந்திய பூச்சை மெஷினில் தேய்க்கிற இளைஞர் மூக்கில் கட்டியிருப்பது பெரும்பாலும் ஒரு கைக்குட்டை. அந்தத் தூளோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்குகிறார். தண்ணீர் தெளித்துக் கையால் சுரண்டினால் தூசி பாதிக்கு மேல் அடங்கும். மரத்தின் தோலும் தப்பும். மரத்துக்கு நல்லதும் மனிதருக்கு நல்லதும் இங்கே ஒன்றாகவே வருகின்றன.

இவ்வளவு ஒற்றுமைக்கு நடுவே ஒரு பெரிய வேற்றுமை. பட்டர் பழுதுக்கு வருவது அதன் சொந்தக்காரரிடமிருந்து. திரும்பிப் போவதும் அவரிடமே. அப்பா விளையாடிய மட்டை, அந்த அடிபட்ட வடு இருக்கட்டும், பிடியை மட்டும் மாற்று என்று சொல்ல ஓர் ஆள் இருக்கிறார். கோட்டக்குப்பத்துக்கு வரும் நாற்காலிக்கு அப்படி ஆள் இல்லை. காரைக்குடிப் பக்கத்தில் பாகம் பிரிந்த வீட்டிலிருந்தோ, புதுச்சேரியில் இடித்த வீட்டிலிருந்தோ தரகர் மூலம் லாரியில் ஏறி வருகிறது. எந்தத் தெரு, யார் வீடு என்பது இரண்டு கை மாறுவதற்குள் தொலைந்துவிடும். வாங்கப்போவது யார் என்பதும் தெரியாது. இரு பக்கமும் முகம் தெரியாத பொருளை, சந்தைக்கு எது பிடிக்குமோ அந்த உருவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பளபளப்பு பிடித்தால் பளபளப்பு. பழமை பிடித்தால் புதுப் பெயின்ட் அடித்து, காயுமுன் அங்கங்கே தேய்த்து, இல்லாத பழமையை உண்டாக்குவதும் உண்டு. பட்டரிலும் சிலர் தீக்குழலால் சூடேற்றி எஃகில் வைக்கோல் நிறமும் நீலமும் வரவழைக்கிறார்கள். ஆனால் அது அலங்காரம் என்று சொல்லியே செய்கிறார்கள், யாரையும் வயதில் ஏமாற்றுவதில்லை. மரத்தில் இந்தப் பொய்யை நான் ஏற்கவில்லை.

நாற்காலிக்கு முத்திரை இல்லை என்றேனே, முழுக்க அப்படியும் இல்லை. மூட்டைக் கழற்றினால் நாக்குக் கட்டையிலும் அது நுழையும் துளையருகிலும் உளியால் கொத்திய கோடுகள் சில பொருள்களில் அகப்படும்: ஒன்று, இரண்டு, ஒரு குறுக்குவெட்டு. எந்தக் கால் எந்தச் சட்டத்தோடு சேரும் என்று அதைச் செய்த ஆசாரி தனக்காகப் போட்ட குறி. மூட்டுக்குள் இருப்பதால் சாண்டர் அங்கே எட்டாது. பழுது பார்க்கும்போது இந்தக் குறியைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து, எங்கிருந்து வந்தது, எதை மாற்றினோம், என்ன பூசினோம் என்று நாலு வரி சேர்த்து, பில்லோடு கொடுக்கலாம். இருக்கைச் சட்டத்தின் அடிப்பக்கத்தையும் முதுகுச் சட்டத்தின் பின்புறத்தையும் தேய்க்காமல் விடலாம். அங்கே யார் பார்க்கப்போகிறார்கள் என்று தேய்ப்பதைவிட, அங்கேதான் ஒருநாள் யாராவது தேடிப் பார்ப்பார்கள் என்று விட்டுவைக்கலாம். செலவு ஒன்றுமில்லை. அப்படி ஒரு தாளோடு வரும் நாற்காலிக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டாலும், நான் வாங்குகிறவனாக இருந்தால் பேரம் பேசாமல் கொடுப்பேன்.