வேலியில்லா வயலில் வேட்டைக்காரன்

நாஞ்சில் நாட்டு வயலுக்கு வேலி கிடையாது. நாகர்கோவில் பக்கம் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். தேரூர், சுசீந்திரம் பக்கமெல்லாம் ஒரே பச்சையாகக் கிடக்கும். எது எவன் வயல் என்று வெளியாளுக்குப் பிடிபடாது. எங்களுக்கு வரப்பு தெரியும், மடை தெரியும், எந்த வரப்பை எந்த வருஷம் யார் மம்பட்டியால் அரைச் சாண் செதுக்கி உள்ளே தள்ளினான் என்பதும் தெரியும். ஆனால் வரப்பில் நடக்கிறவனை "ஏம்லே இதுல நடக்க?" என்று யாரும் கேட்டதில்லை. புல் அறுக்க வருவார்கள், நண்டு பிடிக்க வருவார்கள், வாய்க்காலில் சின்னப் பையன்கள் துண்டை விரித்து மீன் பிடிப்பார்கள். கன்னிப்பூ அறுத்துக் கும்பப்பூ நடுகிற வரைக்கும் மாடும் வாத்தும் மேயும். அந்த இடைவெளியில் வயல் ஊருக்குப் பொது மாதிரிதான். தோப்பும் விளையும் வேற சங்கதி. அங்கே தேங்காய் விழும், வாழைக்குலை நிற்கும். அதனால் வேலி உண்டு.

போன கும்பப்பூவில் சென்னையில் இருந்து வந்திருந்த சொந்தக்காரப் பையன் ஒருத்தன், விடியக்காலம் எங்கள் பத்தில் கொக்குக்கு வலை கட்டியிருந்ததைப் பார்த்துட்டு, "மாமா, உங்க நிலத்துல ஏறி வந்து வேட்டையாடுறான். அத்துமீறல் கேஸ் குடுக்க மாட்டீங்களா?" என்று கேட்டான். எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் "என் நிலத்துல ஏறிட்டானே" என்று வந்த கோபம் இல்லை அது. அப்போ எதுக்கு வந்தது என்று யோசித்தபோது கொஞ்சம் பழைய கதைகளையும் கிளற வேண்டியதாயிற்று.

பையன் கேட்ட கேள்வி இங்கிலாந்தில் பிறந்த கேள்வி. அங்கே முயலும் மானும் காட்டுக்கோழியும் நிலப்பிரபுவின் விளையாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை. 1671-ல் வந்த சட்டப்படி, வருஷம் 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் இருக்கிறவன் மாதிரி சிலருக்குத்தான் வேட்டை உரிமை. குடியானவன் தன் முட்டைக்கோஸைத் தின்ன வந்த முயலை அடித்தாலும் குற்றவாளி. ராத்திரி வேட்டைக்காரனைப் பிடிக்கப் பிரபுக்கள் காட்டுக்குள் கம்பி இழுத்து, அதில் தட்டினால் தானாக வெடிக்கிற துப்பாக்கியைப் பொருத்தி வைத்தார்கள். வேட்டைக்காரனும் செத்தான், விறகு பொறுக்கப் போனவனும் செத்தான். 1827-ல்தான் அதைத் தடை செய்தார்கள். 1831-ல் வந்த சட்டம் பகலில் அடுத்தவன் நிலத்தில் வேட்டைக்கு நுழைவதைத் தனிக் குற்றமாக எழுதி வைத்தது.

அங்கே இருந்து அமெரிக்கா போனவர்களுக்கு இது கசந்திருக்கும்போல. வெர்மாண்ட் மாநிலத்தின் 1777 அரசியல் சாசனம், வேலி போடாத நிலம் யாருடையதாக இருந்தாலும் அதில் மக்கள் வேட்டையாடலாம் என்றது. இன்றைக்கும் அந்த வாசகம் அங்கே இருக்கிறது. அதை வாசித்தபோது எனக்கு எங்கள் பத்துதான் ஞாபகம் வந்தது.

நம்ம பக்கம் கதை வேற மாதிரி. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாங்கள் திருவிதாங்கூர்க்காரர்கள். 1865-ல் ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில், மாதவராவ் திவானாக இருந்தபோது, பண்டாரப்பாட்ட விளம்பரம் வந்தது. சர்க்கார் நிலத்தில் பாட்டத்துக்கு இருந்தவனுக்கு அது நிலத்தைச் சொந்தமாக்கியது. விற்கலாம், ஒற்றி வைக்கலாம், பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஆனால் நிலம் உனக்கு என்றால் அதில் நிற்பதெல்லாம் உனக்கு என்று அர்த்தம் இல்லை. தேக்கு, ஈட்டி, சந்தனம், கருங்காலி எல்லாம் உன் விளையில் முளைத்தாலும் ராஜாவுக்கு. யானையும் தந்தமும் ராஜாவுக்கு. விளைக்குள் வருகிற பன்னிக்கும் வயலில் இறங்குகிற கொக்குக்கும் அப்படி யாரும் உரிமை கொண்டாடவில்லை. அடித்தவன் கொண்டு போவான். மலையடிவாரத்தில் பன்னி விழுந்த விளைக்காரனுக்கு ஒரு பங்கு தனியே எடுத்து வைப்பார்கள் என்று எங்க பெரியப்பா சொல்வார். வேட்டைக்காரன் வந்தால் விளைக்காரன் கட்டங்காப்பி போட்டுக் கொடுத்த காலம்.

அப்படியென்றால் வேட்டைக்காரன் மேல் விவசாயிக்குக் கோபமே வந்ததில்லையா? வந்திருக்கிறது. அதற்குத் தமிழ்நாட்டில் இருக்கிற பெரிய சாட்சி வேடந்தாங்கல். நீங்கள் பள்ளிக்கூடத்தில் பஸ் ஏறிப் பறவை பார்க்கப் போயிருப்பீர்கள். அந்த ஊர் விவசாயிகள் போட்ட வழக்கு பற்றி டீச்சர் சொன்னார்களோ என்னவோ.

மதுராந்தகம் பக்கத்தில் சின்ன ஏரி அது. 75 ஏக்கர்கூடத் தேறாது. ஏரிக்குள் நிற்கிற நீர்க்கடம்பு மரங்களில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டும். பறவை எச்சம் தண்ணீரில் விழும், அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்கு வரும். உரம் போட்டுப் பாய்ச்சின மாதிரி. இதைக் கண்டுபிடிக்க அந்த ஊர்க்காரனுக்கு விவசாயக் கல்லூரி வேண்டியிருக்கவில்லை. கும்பினி ஆட்சி வந்ததும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட ஆரம்பித்தார்கள். ஊர் கூடிக் கலெக்டரிடம் போனது. 1798-ல் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸ், அந்த ஏரியில் யாரும் பறவையைச் சுடக் கூடாது என்று கவுல் எழுதிக் கொடுத்தார். மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையில் ராத்திரி கரை மேல் ராம லட்சுமணரைக் கண்டதாகச் சொல்வார்களே, அதே பிளேஸ் துரைதான். ராமரைக் கண்டாரோ இல்லையோ, இந்த ஊர்க்காரர்கள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறார்.

கவுல் என்பது வழக்கமாக நிலத்துக்கு எழுதுகிற கடுதாசி. இந்த நிலத்தை இன்ன தீர்வைக்கு நீ வைத்துக்கொள் என்று சர்க்கார் குடியானவனுக்குக் கொடுக்கிற உறுதி. வேடந்தாங்கல்காரர்கள் அதைப் பறவைக்கு வாங்கினார்கள். 1858-ல் மறுபடி புதுப்பித்தும் வாங்கினார்கள். அவர்கள் கேட்டது "எங்கள் இடத்துக்குள் வராதே" என்பதை அல்ல. வா, பார், போ, பறவையைத் தொடாதே என்பதைத்தான். பறவை போனால் விளைச்சல் போச்சு. துப்பாக்கி வைத்திருந்த ஆட்சியிடமே போய் அந்தத் துப்பாக்கிக்கு எதிராக எழுத்து வாங்கின விவசாயிகள் வேறு எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எங்களுக்குப் பக்கத்து மாவட்டத்தில் கூந்தங்குளம் இருக்கிறது. அங்கே சரணாலயம் வந்தது 1994-ல். ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பறவை வந்தால் மழை வரும் என்பார்கள். எச்சம் கலந்த வண்டலை வயலுக்கு அடிப்பதும் உண்டு.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். தேரூர் குளமும் சுசீந்திரம் குளமும் சேர்ந்த 94 ஹெக்டேர் சொச்சத்தை 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். வேம்பனூர் குளமும் அதே வருஷம் சேர்ந்தது. பெருமைதான். ஆனால் பறவைக்குப் பட்டியல் எல்லை தெரியுமா? ராத்திரி குளத்தில் தங்கும், பகலில் எங்கள் வயலில் மேயும். தொளி உழவு ஓடும்போது டிராக்டர் பின்னாலேயே நூறு கொக்கு நடந்து வரும். புழு, பிள்ளைப்பூச்சி, நண்டு எல்லாம் அதற்குத்தான். கூலி இல்லாமல் வேலை செய்கிற கூட்டம். எல்லாப் பறவையும் அப்படி என்று பொய் சொல்ல மாட்டேன். நீலத் தாழைக்கோழி நட்ட பயிரை மிதித்துச் சாய்த்துப்போடும். அதைத் தகரம் தட்டி விரட்டாத விவசாயி இங்கே கிடையாது.

கொக்குக்கு வருகிறவன் துப்பாக்கியோடு வருவது குறைவு, சத்தம் கேட்கும். வலை, கண்ணி, சில சமயம் காலில் நூல் கட்டி வயலில் விட்ட பார்வைக் கொக்கு. அது நிற்கிறதைப் பார்த்து மற்றது இறங்கும். இதைவிட மோசம் விஷம். குருணை மருந்தை மீனுக்குள் வைத்து வரப்போரம் போட்டுவிடுவார்கள். கொக்கும் சாகும், அதைத் தின்ற நாயும் சாகும். அந்தக் கறியைக் காடை என்று சொல்லி விற்றால், தின்கிற மனுஷன் கதி என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள். எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். என் வரப்பில் நடந்தான் என்பதற்கு இல்லை. என் தண்ணீரில் விஷத்தைப் போட்டான், என் வயலில் வேலை செய்கிறதைப் பிடித்துக்கொண்டு போனான்.

சட்டமும் ஏறத்தாழ அப்படித்தான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. சும்மா அடுத்தவன் நிலத்தில் நடப்பது குற்றமில்லை. குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமானப்படுத்தவோ, எரிச்சலூட்டவோ நினைத்து நுழைந்தால்தான் அத்துமீறல். இப்போதைய நியாய சம்ஹிதைப்படி அதற்கு 3 மாசம் வரை சிறை. கொக்கைப் பிடித்ததற்கு வனவிலங்குச் சட்டப்படி 3 வருஷம் வரை போகலாம். நம்ம வரப்பைவிடக் கொக்குக்கு மதிப்பு அதிகம், எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வேடந்தாங்கலுக்கும் எங்களுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. 1972 சட்டப்படி, வேட்டையாடப்பட்ட விலங்கோ பறவையோ அரசாங்கத்தின் சொத்து. ராஜாவுக்குத் தேக்கு மாதிரி. விவசாயி தகவல் சொல்லலாம், சாட்சி சொல்லலாம், அவ்வளவுதான். தகவல் சொன்னால் "எந்த சர்வே நம்பர், நீங்க பார்த்தீங்களா, கோர்ட்டுக்கு வருவீங்களா" என்று கேட்பார்கள். நடவு நேரத்தில் கோர்ட்டுக்கு யார் போவார்? வலையை அறுத்து வாய்க்காலில் எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

இதுவரைக்கும் சொன்னது வயல்காரன் கதை. மலையடிவாரத்து விளைக்காரனிடம் கேட்டால் கதை தலைகீழ்.

தடிக்காரன்கோணம், கீரிப்பாறை, அழகியபாண்டியபுரம் பக்கம் மரச்சீனியும் வாழையும் போட்டவனிடம் காட்டுப்பன்னி பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒரே ராத்திரியில் மரச்சீனி மூடு முழுக்கக் கிண்டிப் போட்டுவிடும். 1959 ஆயுதச் சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது: பயிர்க் காவலுக்கு மருந்து கெட்டித்துச் சுடுகிற குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம். பதிமூணு வருஷம் கழித்து வந்த வனவிலங்குச் சட்டம், அனுமதி இல்லாமல் பன்னியைச் சுடக் கூடாது என்றது. துப்பாக்கிக்கு லைசென்ஸ் உண்டு, குறிக்குத்தான் இல்லை. தேர்தல் வந்தால் அந்தத் துப்பாக்கியும் ஸ்டேஷனுக்குப் போய்விடும். பன்னிக்கு ஓட்டு இல்லாததால் அது பாட்டுக்கு வரும்.

அந்த இடைவெளியில்தான் ராத்திரி வேட்டைக்காரன் நுழைகிறான். பழத்துக்குள் வெடிமருந்து வைத்த பன்னி வெடி, சுருக்குக் கம்பி, திருட்டுக் கரண்ட். 2020 மே மாசம் பாலக்காட்டுப் பக்கம் கர்ப்பிணி யானை வாய் வெடித்துச் செத்ததே, அது பன்னிக்கு வைத்த வெடிதான். கரண்ட் கம்பியில் பன்னி மட்டும் விழுவதில்லை. தண்ணீர் திருப்பப் போன விவசாயியும் விழுகிறான். இங்கிலாந்துப் பிரபு 1827 வரைக்கும் வைத்த கம்பித் துப்பாக்கியும் இதுவும் ஒரே ரகம். என்ன, அதை நிலக்காரன் வேட்டைக்காரனுக்கு வைத்தான். இங்கே சில இடங்களில் நிலக்காரனே பன்னிக்கு வைக்கிறான்.

களியக்காவிளை தாண்டினால் கேரளாவில் 2022-ல் இருந்து பஞ்சாயத்துத் தலைவரே பன்னியைச் சுட உத்தரவிடலாம். நம்ம அரசு 2025 ஜனவரியில் ஒரு கணக்குச் சொன்னது. காப்புக்காட்டில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் என்றால் ஒன்றும் செய்யக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை என்றால் கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3-க்கு மேல் என்றால் வனத்துறை சுடலாம். விவசாயி சுட முடியாது.

என் மச்சினனுக்கு அடிவாரத்தில் ஒரு விளை இருக்கிறது. மட்டி வாழையும் மரச்சீனியும். காட்டில் இருந்து 2 கிலோமீட்டர். அப்படியானால் கூண்டுதான். "கூடு வந்துதா மாப்ளே?" என்று கேட்டேன்.

"மனு குடுத்திருக்கேன் அத்தான், வரும்னு சொல்லுதாவ."

போன வாரம் ராத்திரி அவன் விளைக்குள் டார்ச் வெளிச்சம் ரெண்டு தடவை வந்து போயிருக்கிறது. மறுநாள் வேலியில் ஒரு இடம் பிரிந்து கிடந்தது, மண்ணில் ரத்தம். நாய் குரைக்கவில்லையா என்று கேட்டேன். அதை அன்றைக்கு வீட்டுக்குள்ள கட்டிப்போட்டிருந்தானாம். பிரிந்த வேலியை இன்னும் கட்டவில்லை.